குதிரை வீட்டுக்குப் போன சிப்பாய்

கல்யாணப் பந்தியில் நர்ஸம்மா எங்கே உட்காருவார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சமையல்கட்டு வாசலை ஒட்டிய கடைசி இலை. முன்வரிசைக்கு ஆளாளுக்கு முட்டிமோதிக்கொண்டிருப்பார்கள். கல்யாண வீட்டு அம்மாள் ஓடிவந்து, "நீங்க போய் இங்க உட்காரலாமா? முன்னாடி வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார். "இங்கதாம்மா ரசம் கொதிக்கக் கொதிக்க வரும். யாராச்சும் வலி எடுத்திருச்சுன்னு கூப்பிட வந்தாலும் எழுந்து ஓடச் சௌகரியம்" என்பார் நர்ஸம்மா. சொன்னபடியே பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஜோகுபாளையத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இப்போது புதிதாக ஆரம்பிக்கப் போவதில்லை. சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரே "நர்ஸம்மா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். அங்கேயும் கடைசி பெஞ்சுதான். சின்ன டிஸ்பென்சரி ஒன்றில் மருந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்களில் எங்கள் தெருக்களில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் அவர் கையில் விழுந்தவை.

அவருடைய குணம் ஒன்று எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இரண்டு சாமான்களை முன்னால் வைத்தால் பெரியதை எடுக்கவே மாட்டார். அதை அடக்கம் என்று ஊர் சொல்லும். எனக்கோ அது திமிராகத்தான் பட்டது. கன்டோன்மென்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சம்பளம் உண்டு, குவார்ட்டர்ஸ் உண்டு, வெள்ளைக்கார டாக்டர் நேரில் வந்து கேட்டார். போக மாட்டேன் என்றுவிட்டார். என் மனைவிக்கு வயிறு எரிந்தது. "ஏன் நர்ஸம்மா, வர்ற லட்சுமியைக் கதவைச் சாத்தி அனுப்பறீங்க?" என்று கேட்டே விட்டாள்.

"அங்க போனா மருந்து அலமாரியைத் திறக்கிறதுக்கு நாலு பேருக்கு சலாம் போடணும்மா. இங்க பாரு" என்று இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார். "ராத்திரி ரெண்டு மணிக்கும் நான் நினைச்சா திறக்கலாம்."

ஜவுளி வியாபாரி வீட்டுக் கதையை அந்தக் காலத்தில் ஊரே பேசியது. அவருடைய மருமகளுக்கு ஒன்றரை நாள் வலி, தாயும் பிழைக்க மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்ட கேஸ். நர்ஸம்மா குழந்தையை முழுசாக எடுத்துக் கையில் கொடுத்ததும் வியாபாரிக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரியைத் திறந்துவைத்து, "எந்தப் பட்டு வேணுமோ எடுத்துக்கம்மா" என்றாராம். நர்ஸம்மா அலமாரிப் பக்கமே பார்க்கவில்லை. "வாசல்ல நிக்குதே உங்க ஜட்கா, அதை ரெண்டு மணி நேரம் குடுங்க. நீலசந்திராவுல ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா, நடந்து போனா லேட்டாயிடும்" என்றார். ஜட்காவில் ஏறிப் போனார். அங்கே இரட்டைக் குழந்தைகள். அப்போதும் எனக்குத் தோன்றியது இதுதான்: ஏன், பட்டையும் வாங்கிக்கொண்டு ஜட்காவையும் கேட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? என் புத்தி அவ்வளவுதான்.

என் புத்தியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பகலில் நான் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலம் ஜோகுபாளையம் வாசகசாலைக்குக் காரியதரிசி. பகலில் யாரும் என்னை மதிப்பதில்லை, ஆகவே சாயங்காலத்தில் யாரையும் நான் விடுவதில்லை. வாசகசாலையின் தலைவர் மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர், மூன்று தலைமுறையாக எங்கள் தமிழ்த் தெருக்களிலேயே இருப்பதால் தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி பேசுவார். நல்ல மனுஷன்தான். ஆனால் சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டால் வீடு தீப்பற்றினாலும் காதில் விழாது.

நாங்களெல்லாம் முதலில் நாட்டு ஆட்டம் ஆடியவர்கள். அதில் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் எந்த வீட்டில் போய் இறங்குகிறதோ அந்தக் காயாக மாறும். யானை வீட்டில் இறங்கினால் யானை, குதிரை வீட்டில் இறங்கினால் குதிரை. தலைவருக்கு அது அவமானமாகப் போய்விட்டது. "நாளைக்கு ரெஜிமென்ட்காரன் ஆடக் கூப்பிட்டா முழிக்கப் போறீங்களா?" என்று தபாலில் ஒரு இங்கிலீஷ் சட்டப் புத்தகம் வரவழைத்தார். அதைப் படித்துச் சுருக்கமாகத் தமிழில் எழுதிப் பலகையாகச் சுவரில் மாட்டும் வேலை எனக்கு வந்தது. ஏழு விதிகள், சிவப்புப் பெயின்ட். ஆறாவது விதி: சிப்பாய் கடைசி வரிசையை அடைந்தால் ராணி ஆகும். பழைய ஆசாமிகள் யாராவது நாட்டு ஆட்டத்தை நுழைத்தால் நான் பிரம்பால் அந்தப் பலகையைத் தட்டுவேன். அந்தச் சத்தத்தில் எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வருஷம் வைகாசியில் நர்ஸம்மா வாசகசாலைக்கு ஒரு மனு கொண்டுவந்தார். பின்பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அறை உண்டு. பழைய பத்திரிகைக் கட்டுகளை அதில் போட்டு வைத்திருந்தோம். அந்த அறையைப் பிரசவ அறையாகத் தர வேண்டும் என்பது மனு. பின்னால் இருந்த குடிசைகளில் ஒரு சித்தாள் பெண் மாசமாக இருந்தாள். முந்தைய இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இரண்டாவதை மழைக்காலத்தில் பெற்றாள், குடிசைக்குள் முழங்கால் தண்ணீர், நனையாத துணி ஒன்றுகூட இல்லை. பிறந்து அழுத குழந்தை விடிவதற்குள் குளிரில் விறைத்துப் போயிற்று. இந்த முறையும் பிரசவம் மழையில்தான் வரும்.

தலைவர் மனுவை வாங்கிச் சதுரங்கப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. நர்ஸம்மா இரண்டாவது முறை வந்தார், மூன்றாவது முறை வந்தார். தலைவர் மனது வேறெங்கோ இருந்தது. சீமையிலிருந்து வரும் வாரப் பத்திரிகையில் ஒரு சதுரங்கப் புதிர் வந்திருந்தது. வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். விடை அடுத்த கப்பலில்தான் வரும். பதினைந்து நாளாக அவரும், கணக்கு வாத்தியார் ஒருவரும், நானும் அதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது முறை நர்ஸம்மா வந்த சாயங்காலம் வானம் கறுத்துக் கிடந்தது. எட்டுப் பத்துப் பேர் மேஜையைச் சுற்றி நின்றோம்.

"ஸ்வல்ப இருங்கம்மா. இங்க தலை வெடிக்குது" என்றார் தலைவர், நிமிர்ந்து பார்க்காமல்.

"நான் இருப்பேங்கையா. மழை இருக்குமா?" என்றார் நர்ஸம்மா.

நான் குறுக்கே விழுந்தேன். "அந்த ரூம் காலி இல்லைங்க. பிங்-பாங் டேபிளுக்கு ஆர்டர் கொடுத்தாச்சு. எப்ப வேணாலும் வந்துடும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டேபிளுக்கு எட்டாம் மாசமா, ஒம்பதாம் மாசமா, செகரெட்டரி சார்?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. தலைவரும் சிரித்தார், ஆனால் ஆட்டம் கலைந்த எரிச்சலும் இருந்தது. "சாக்கு, சாக்கு" என்று, போதும் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கையைத் தூக்கினார். "ஒண்ணு பண்ணுங்கம்மா. இந்தப் புதிருக்கு நீங்க ஒரு வழி சொல்லுங்க. உங்க ரூமுக்கு நான் வழி சொல்றேன்."

அப்படிச் சொன்னால் போய்விடுவார் என்றுதான் சொன்னார். நர்ஸம்மா பையைத் தரையில் வைத்தார். "எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று எங்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜையருகில் வந்தார்.

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?" என்றார் கணக்கு வாத்தியார், ஆச்சரியமாக.

"ஆரணியில எங்க அப்பாவோட ஆடினது. அவரு மிஷன் ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். நோயாளி இல்லாத நேரமெல்லாம் இதுதான். இதுல மந்திரி எது?"

"மந்திரி இல்லை, ராணி" என்றேன் நான்.

"பேரு என்னவோ இருக்கட்டும், நடை ஒண்ணுதானே."

பலகையில் இருந்தது இதுதான். கறுப்பு ராஜா பலகையின் ஓரத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால் கடைசி வரிசையில், குதிரை வீட்டில், ஒரு கறுப்பு யானை. கறுப்பு ராணி சற்றுத் தள்ளி, நேராகக் கீழே ஓடிவரத் தயாராக நிற்கிறது. வெள்ளைக்கு ஒரு ராணி, கடைசி வரிசைக்கு ஒரே அடி முன்னால் ஒரு சிப்பாய். வெள்ளை ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னால் மூலையில் அடைந்து கிடக்கிறது. வெள்ளை ராணி காவலை விட்டு நகர்ந்தால் கறுப்பு ராணி ஒரே ஓட்டமாக இறங்கிக் கதையை முடித்துவிடும். சிப்பாயை வைத்து யானையை வெட்டினாலோ கறுப்பு ராஜா சிப்பாயை வெட்டிவிடும், ஆட்டம் சமமாகிவிடும். இதுதான் எங்கள் பதினைந்து நாள் தலைவலி.

நர்ஸம்மா நின்றபடியே பார்த்தார். உட்காரச் சொன்னதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று யோசிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. வெளியே தூறல் ஆரம்பித்தது. அவர் ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது, இந்த அம்மாள் விளையாட வரவில்லை என்று.

பிறகு வெள்ளை ராணியைத் தூக்கினார். கறுப்பு ராஜாவுக்கு முட்டும்படி, நேர் எதிரே கொண்டுபோய் வைத்தார்.

"அய்யய்யோ!" என்று தலைவர் அலறினார். "ராணியைச் சும்மா கொடுக்கறீங்களே!"

"வெட்டுங்கையா."

"வெட்டாம என்ன செய்யறது, வேற வழியே இல்லையே." உண்மைதான், ராஜாவுக்கு வேறெங்கும் நகர இடமில்லை. தலைவர் ராணியை வெட்டி, ராஜாவை அந்தக் கட்டத்தில் வைத்தார்.

கணக்கு வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். "இதை நான் போன வாரமே பார்த்தாச்சும்மா. இதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லை."

நர்ஸம்மா சிப்பாயை எடுத்து, குறுக்காகப் போய் யானையை வெட்டினார். சிப்பாய் கடைசி வரிசையில், குதிரை வீட்டில் போய் உட்கார்ந்தது. நான் வெட்டுப்பட்ட ராணியை எடுத்து மிகுந்த மரியாதையோடு நீட்டினேன். "இந்தாங்க, உங்க ராணி."

"வையுங்க, பார்ப்போம்" என்றார்.

வைத்தேன். அடுத்த நொடி தலைவரின் கறுப்பு ராணி சரசரவென்று கீழே இறங்கி வெள்ளை ராஜாவை மூலையிலேயே அடைத்துவிட்டது. "முடிஞ்சுது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடவுள் என்னை மன்னிக்க வேண்டும், அங்கே எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

நர்ஸம்மா அவசரமே படவில்லை. கறுப்பு ராணியைப் பழைய இடத்துக்குத் தூக்கி வைத்தார். குதிரை வீட்டிலிருந்த வெள்ளை ராணியை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "அது செகரெட்டரி சார் ஆடின ஆட்டம். இப்ப என் ஆட்டம். எனக்கு ஒரு வெள்ளைக் குதிரை குடுங்க."

"குதிரையா?"

"குதிரை வீட்டுல போய் இறங்கியிருக்கு. ராணி எதுக்கு எனக்கு?"

நான் பிரம்பை எடுத்தேன். சுவர்ப் பலகையில் ஆறாவது விதியைத் தட்டினேன். "நாட்டு ஆட்டம் இங்க செல்லாதுங்க. இங்கே சிப்பாய் ராணிதான் ஆகும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலைவர் சதுரங்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை தானாகப் பெட்டிக்குள் போய் ஒரு வெள்ளைக் குதிரையை எடுத்தது. அதை அந்த வீட்டுக்கு மேலே, தொடாமல், பிடித்துக்கொண்டார்.

"புத்தகத்துல அப்படித்தான் இருக்குதாங்கையா?" என்றார் நர்ஸம்மா. "ராணி மட்டும்தான்னு இருந்தா நான் தோத்துட்டேன். போயிடறேன்."

"புத்தகத்தை எடு" என்றார் தலைவர் என்னிடம்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அலமாரியைத் திறந்து, பக்கத்தைத் தேடிப் பிடித்து, எல்லோர் முன்னாலும் தமிழில் சொன்னேன். "கடைசி வரிசையை அடையும் சிப்பாய் ராணியாகவோ, ஆடுபவர் விரும்பும் வேறு காயாகவோ மாறும்."

"வேறு காயாகவோ" என்று தலைவர் திருப்பிச் சொன்னார். "இது எங்கய்யா உன் பலகையில?"

"ராணி கிடைக்கும்போது எந்த முட்டாள் வேறே கேட்பான்னு நினைச்சு விட்டுட்டேன் சார். பெயின்ட்டும் கம்மியா இருந்தது." இதுதான் நான் சொன்ன பதில். இன்றைக்கும் தூக்கத்தில் ஞாபகம் வந்தால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறேன்.

தலைவர் குதிரையை வைத்தார். அது அங்கிருந்து கறுப்பு ராஜாவுக்குச் செக் சொன்னது. அதே குதிரை கறுப்பு ராணியின் மேலும் கண்ணை வைத்திருந்தது. ராஜா தப்பித்து ஓடத்தான் வேண்டும், கறுப்பு ராணி கீழே இறங்க நேரமே இல்லை. தலைவர் ராஜாவை நகர்த்தினார். நர்ஸம்மா குதிரையைத் தூக்கிக் கறுப்பு ராணியை வெட்டி, அதை மேஜை ஓரத்தில் மெதுவாக வைத்தார். கறுப்புப் பக்கம் ராஜாவும் நாலைந்து சிப்பாயும் மட்டும் பாக்கி.

"பலே!" என்று தலைவர் குதித்தார் பாருங்கள்! எழுபது வயது மனுஷன், அங்கவஸ்திரம் ஒரு பக்கம், மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம். "பதினைஞ்சு நாள்! பதினைஞ்சு நாள் நாங்க மூணு பேரும் ராணி ராணின்னு செத்தோமே!" கணக்கு வாத்தியார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எங்க அப்பா ஆட்டத்துல அந்த வீட்டுக்குப் போனா குதிரைதான், வேற ஒண்ணும் கிடைக்காது. அதனால குதிரையா வந்தா என்ன செய்யும்னு முதல்ல பார்த்துப் பழக்கம்" என்றார் நர்ஸம்மா. பிறகு, "ஐயா, ரூம்" என்றார்.

"ரூம் என்னம்மா ரூம்! இந்த ஹாலையே எடுத்துக்குங்க! பெரிய ஜன்னல், எலெக்ட்ரிக் லைட், ஃபேன். நாங்க மரத்தடியில ஆடிக்கிறோம்!"

சந்தோஷத்தில் சொன்னாலும் அவர் நிஜமாகவே சொன்னார். நர்ஸம்மா ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வேணாங்கையா. பின்னாடி ரூமே போதும். அதுக்குச் சந்துப் பக்கம் தனியா கதவு இருக்கு, பொம்பளைங்க இத்தனை ஆம்பிளைங்களைத் தாண்டி வர வேணாம். குழாய் ஒட்டின மாதிரி இருக்கு. சின்ன ரூம், ஒரு கரி அடுப்பு வெச்சா கதகதன்னு ஆயிடும். குழந்தைக்கு அதுதான் வேணும்."

நான் என் பூணூலில் முடிந்து வைத்திருந்த சாவியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். பட்டையும் ஜட்காவையும் பற்றி இத்தனை வருஷம் நான் போட்ட கணக்கு எல்லாம் எவ்வளவு மட்டம் என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது.

மறுநாளே பத்திரிகைக் கட்டுகளை வெளியே எடுத்தோம். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நானே சுண்ணாம்பு அடித்தேன், தலைமுடியெல்லாம் வெள்ளை. தலைவர் வீட்டிலிருந்து கட்டில் வந்தது. ஜவுளி வியாபாரி ஒரு கட்டு வெள்ளைத் துணி அனுப்பினார். பிங்-பாங் டேபிளை வேண்டாம் என்று எழுதிப் போட்டேன். கப்பலில் விடை வந்தபோது அதைப் பிரித்துப் பார்க்கக்கூட யாருக்கும் அவசரம் இல்லை, இருந்தாலும் பிரித்தோம். வெள்ளைக்காரனும் குதிரைதான் என்று எழுதியிருந்தான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வானமே ஓட்டையான மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் குடிசைகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்தச் சித்தாள் பெண்ணை மதியமே கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். அவள் புருஷன் சந்தில் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். உள்ளே வா என்றால் வரவில்லை. நாங்கள் ஹாலில் பலகையைப் பரப்பி வைத்திருந்தோமே தவிர யாருக்கும் கை ஓடவில்லை. தலைவர் நேராகப் போக வேண்டிய தன்னுடைய யானையைக் குறுக்காக நகர்த்தினார், நான் அதைப் பார்த்தும் பிரம்பை எடுக்கவில்லை. உள்ளிருந்து அவள் கத்தும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

பிறகு ஒரு வீறல். இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு கோபமா என்கிற மாதிரி ஒரு வீறல்.

"ஆணா, பொண்ணா?" என்று தலைவர் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"பொண்ணு!" என்று நர்ஸம்மாவின் குரல் வந்தது. "பஞ்சு மாதிரி சூடா இருக்கா! ஆத்தாளும் நல்லா இருக்கா!"

அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் மேஜையைத் தட்டினார், தலைவர் கண்ணைத் துடைத்தார். சந்திலிருந்து அந்தப் புருஷன் ஓடிவந்து, நனைந்த உடம்போடு யாரென்று பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, ஆனால் அத்தனை பேரிலும் உரக்கக் கத்தியது நான்தான்.

பின்கதவு திறந்தது. நர்ஸம்மா தலையை நீட்டினார், கையெல்லாம் ஈரம்.

"செகரெட்டரி சார், கத்தினது போதும். இன்னும் ஒரு குடம் வெந்நீர்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.